தேன்கரட்டுக்கு ஒன்பதேகால் நொடி

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "கறி மீனை விடுறது பெரிய விஷயமில்ல. உங்க வீட்டுல இருக்கவங்க எதை விடச் சொல்றாங்களோ, அதை விடுங்க" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்டெல்லா, "கோபம்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. கல்யாணமான நாள் முதல் பதிலைத் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது.

ஆக, ஈஸ்டர் வரை கோபத்தை விடுகிறேன். தினமும் எத்தனை முறை கோபப்பட்டேன் என்று எழுதிவைக்க இந்த டயரி. போன வருடத்தது. தேதியை அடித்து எழுதிக்கொள்ளலாம்.

நெற்றிச் சாம்பலோடு அலுவலகம் போனேன். பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் நான் தொழில்நுட்ப அலுவலர். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இயக்குநர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம். இங்கே சேலத்து ஸ்டூடியோவில் வகுப்பு நடக்கும். முப்பத்தெட்டு மையங்களில் மாணவர்கள் உட்கார்ந்து நேரலையில் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு தடவை அனுப்புவதில்லை. ஒரே தடவைதான். வாய்க்கால் கிளை பிரிகிற மாதிரி, பாதை பிரிகிற இடத்தில் இருக்கும் கருவியே ஒரு நகல் எடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். மல்டிகாஸ்ட் என்று பெயர். படமும் குரலும் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும்.

இன்று பத்தே காலுக்கு, வாய்க்கால் தலைமடையிலேயே ஒரு துண்டு தொலைந்தது. முப்பத்தெட்டு மையக் கணினிகளும் ஒரே நொடியில் "அந்தத் துண்டு வரலை, திரும்ப அனுப்பு" என்று கத்தின. கத்தலில் சர்வர் மூச்சடைத்து விழுந்தது. அடுத்த நிமிடம் முப்பத்தெட்டு மனிதர்கள் எனக்குப் போன் செய்தார்கள். நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது.

கோபம்: ஆறு. முதல் நாள்தானே.

மார்ச் 6, வியாழன்

இன்னொரு தலைவலியும் உண்டு. அதன் பெயர் தேன்கரடு. மலை மேல் கடைசி மையம், எண் முப்பத்தெட்டு. ஒரு கோபுரத்தை நம்பி வருகிற லைன், மேகம் குறுக்கே வந்தால்கூடத் தள்ளாடும். எங்கள் சர்வர் நல்ல பிள்ளை. எங்கிருந்தாவது புகார் வந்தால், "நெரிசல் போலிருக்கிறது" என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே ஓட்டம் என்பதால் வேகம் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். தேன்கரடு இருமினால் முப்பத்தேழு மையத்திலும் படம் கலங்கும்.

இன்று படம் கலங்கியபோது திரையில் இருந்தவர் இயக்குநர் அருள்மொழிநாதன். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் அவர் பத்து நிமிடம் முன்னுரை தருவார். அது நாற்பது நிமிடம் போகும்.

"சகாயராஜ், என் முகம் ஏன் சதுரம் சதுரமா தெரியுது?"

"தேன்கரட்டுல லைன் சரியில்ல சார்."

"அங்க லைன் சரியில்லன்னா எனக்கு ஏன்யா முகம் போவுது?"

நியாயமான கேள்விதான். மதியம் தேன்கரடு ஒருங்கிணைப்பாளர் செவந்தியும் போன் செய்தாள். மலையில் அங்கன்வாடி ஊழியர். பதினாலு ஊழியர்கள் குழந்தைப் பராமரிப்பு டிப்ளமோ படிக்கிறார்கள், அவளையும் சேர்த்து. பாஸ் செய்தால் மேற்பார்வையாளர் பதவிக்கு மனுப் போடலாம்.

"சார், தேன்கரட்டுலேர்ந்து செவந்தி பேசுறேனுங்க. பாதி வருதுங்க, பாதி வரலீங்க."

"எந்தப் பாதி வரலை?"

"அது வந்திருந்தாத்தானுங்களே தெரியும்?"

கோபம்: மூன்று. இந்தப் பதில் மட்டும் ஒன்றரை.

மார்ச் 10, திங்கள்

மருந்து கண்டுபிடித்துவிட்டேன். நான் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது, புத்தகத்தில் இருந்தது. துண்டு தொலைந்ததும் மையக் கணினி உடனே கத்தக் கூடாது. மனதுக்குள் சீட்டுக் குலுக்கிக்கொண்டு அரை நொடியோ ஒரு நொடியோ காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறு மையம் அதே புகாரைச் சொல்லிவிட்டால், தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். திரும்ப அனுப்பும் துண்டு எல்லோருக்கும்தானே போகிறது. சர்வர் ஒவ்வொரு துண்டையும் எட்டு நொடி கையில் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். எட்டு நொடி தாராளம்.

மாலையில் சோதித்தேன். முப்பத்தெட்டுக் கத்தல் ஒரு கத்தலாகியது. ஸ்டெல்லாவிடம் விளக்கினேன். "நம்ம மொட்டைமாடித் தொட்டி வழியறப்ப நாலு குடித்தனமும் செய்யறது இதுதானே? யாராவது ஓனர்கிட்ட சொல்வாங்கன்னு எல்லாரும் சும்மா இருக்கறது?" என்றாள். இல்லை, இதில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார் என்றேன்.

மாற்றம் என்பதால் கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டுமாம்.

மார்ச் 12, புதன்

கூட்டம். இரண்டே கால் மணி நேரம், மூன்று வகை பிஸ்கட்.

"குலுக்கலா?" என்றார் இயக்குநர். "பல்கலைக்கழகத்துல குலுக்கலா? நாளைக்குப் பத்திரிகையில வந்தா என்ன ஆவுறது?"

முதல் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் கோவர்த்தனன் அதற்கு மேலே போனார். அவர் மையம் எங்கள் பக்கத்துக் கட்டடம்தான். சுவர் வழியாகவே கேபிள் போகிறது. "நான் எண்பத்தொன்பதுல மையம் ஆரம்பிச்சவன். போன வருசம் ஆரம்பிச்ச தேன்கரடு எனக்கு முன்னாடி புகார் சொல்லுமா? மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆகவே தீர்மானம்: காத்திருக்கும் நேரம் பணிமூப்புப்படி அமையும். முதல் மையத்துக்குக் காத்திருப்பே கிடையாது. அடுத்தடுத்த மையத்துக்குக் கால் கால் நொடி கூடிக்கொண்டே போகும். கடைசியில் தேன்கரடு.

"தொழில்நுட்ப ரீதியா முடியுமா, சகாயராஜ்?"

"முடியும் சார்."

முடியுமா என்றுதான் கேட்டார்கள். முடியும் என்று சொன்னேன். முப்பத்தேழு கால் நொடி சேர்ந்தால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்வது என் வழக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டு மிச்ச பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோபம்: இல்லை. ஸ்டெல்லாவே நம்பவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளில் புகார் ஒன்பது. முன்பெல்லாம் நாளைக்கு நாலாயிரம். இயக்குநர், "ஒன்பதெல்லாம் ஒரு நம்பராய்யா? பூஜ்யம்னு போடு" என்றார். மகிழ்ச்சியில் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். தவக்கால வெள்ளிக்கிழமை, கறி கூடாது. நான் சோற்றை மட்டும் சாப்பிட்டேன். சோற்றுக்குள் ஒளிந்திருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மார்ச் 17, திங்கள்

நெரிசல்தான் இல்லையே என்று இயக்குநர் படத்தின் தரத்தைக் கூட்டச் சொன்னார். மேஜையில் இரண்டு பூந்தொட்டி. கீழே ஓடும் எழுத்து வரி. இரண்டாவது கேமரா, அவர் பக்கவாட்டில் திரும்பும்போது பிடிக்க. அவர் அடிக்கடி திரும்புகிறார். முன்னுரை முடிந்தாலும் இனி பாடம் முடியும்வரை அவர் முகம் திரையின் இடதுபக்கம் இருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

செவந்தி போன். "சார், இப்ப சுத்தமா நின்னு நின்னு போவுதுங்க. பூந்தொட்டி மட்டும் தெரியுதுங்க, அதுவும் பாதித் தொட்டிங்க."

"பதிவேட்டுல உங்க மையத்துலேர்ந்து ஒரு புகாரும் இல்லையேம்மா."

"நான் இப்ப சொல்றேனுங்களே சார்?"

"கணினி சொல்லணும்மா. அது சொன்னாத்தான் கணக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. சாந்தமாகப் பேசி, சாந்தமாக வைத்துவிட்டேன். எட்டு நொடிக்குப் பிறகு வரும் புகார் பதிவேட்டில் ஏறாது என்பதை அவளுக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது.

கோபம்: இல்லை. தொடர்ந்து ஐந்தாவது நாள்.

மார்ச் 20, வியாழன்

தொட்டி வழிந்தது. ஓனரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 24, திங்கள்

தபாலில் ஒரு கடிதம். பதினாலு கையெழுத்து. 'சத்துமாவு தயாரித்தலும் தாயின் பங்கும் என்ற வகுப்பில் எங்களுக்குக் கேட்டதை அப்படியே குறிப்பு எடுத்துள்ளோம். சரியா என்று பார்த்துச் சொல்லவும்' என்று எழுதி, கீழே குறிப்பு:

'ஆறு மாதம் முடிந்த குழந்தையை நன்றாகக் கழுவி, கல் நீக்கி, வெயிலில் இரண்டு நாள் காயவைக்கவும். பிறகு கனமான இரும்புச் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் தாயின் மடியில் வைத்து அரைக்கவும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தினமும் கதை சொல்லவும்.'

அதற்கும் கீழே: 'சார், நடுவில் சில வார்த்தைகள் விட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறோம். அது கிடைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது.'

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு எடுத்துப் போய் ஸ்டெல்லாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு கடிதத்தை வாங்கி அந்தப் பதினாலு கையெழுத்தையும் பார்த்தாள். "எதுக்குங்க இவங்களுக்கு வரலை?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காத்திருப்பு, எட்டு நொடி, பணிமூப்பு.

"அப்ப அந்தம்மா வாயைத் தொறக்க ஒன்பதேகால் நொடி ஆவும். நீங்க எட்டுலயே கடையை மூடிடுவீங்க."

நெட்வொர்க் தெரியாதவர்கள் எளிதாகப் பேசிவிடுவார்கள். சத்தமாகவே சொன்னேன். அதைக் கோபத்தில் சேர்க்கவில்லை. அது விளக்கம்.

மார்ச் 28, வெள்ளி

சுற்றறிக்கை. இந்த வருடம் முதல் வருகைப் பதிவு கணினியே எடுக்குமாம். மையத்துக்கு எத்தனை சதவீதத் துண்டுகள் போய்ச் சேர்ந்தனவோ, அதுதான் அந்த மைய மாணவர்களின் வருகை. எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் பரீட்சை எழுத முடியாது. இயக்குநரின் யோசனை. அவர் யோசிக்கும்போது யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

தேன்கரடு: நாற்பத்தொன்று. குறிப்பில், 'ஆர்வமின்மை. பதினாலு பேரையும் தேர்வுக்கு அனுமதிக்க இயலாது. மையத்தை மூடப் பரிந்துரை.' ஏப்ரல் 11 கூட்டத்தில் பட்டியல் முடிவாகும்.

அதே கூட்டத்தில்தான் என் ஒப்பந்தமும் வருகிறது. என் கோப்பின் முதல் பக்கத்தில் இயக்குநரே எழுதியிருக்கிறார்: 'இவரது முயற்சியால் புகார்கள் பூஜ்யம்.'

இரவு கடலைச் சட்னி. நன்றாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

யாரிடமும் சொல்லாமல் தேன்கரட்டின் காத்திருப்பைப் பூஜ்யமாக்கினேன். அவ்வளவுதான், மூன்று வாரம் அடக்கிவைத்த புகாரெல்லாம் கொட்டியது. சர்வர் பயந்து வேகத்தைக் குறைத்தது. முப்பத்தேழு மையத்திலும் படம் உடைந்தது. திரையில் இயக்குநரின் மூக்கு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம்.

போன் வந்தது. "என்னய்யா ஆச்சு?"

"எலி கேபிளைக் கடிச்சிடுச்சு சார்."

பழையபடி மாற்றிவிட்டேன். தேன்கரடு பேசினால் எல்லோருக்கும் கெடுகிறது. பேசாவிட்டால் பதினாலு பேருக்குக் கெடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என் வேலை இல்லை என்று பார்த்தால், வேறு யார் வேலை என்றும் தெரியவில்லை.

மாலையில் எலிப்பொறி இரண்டு வந்து சேர்ந்தது. இயக்குநர் அனுப்பியிருக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

கேபிள் பரிசோதனை என்று எழுதிவைத்துவிட்டுத் தேன்கரடு போனேன். பஸ்ஸில் மூன்றரை மணி நேரம், கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குப் பக்கத்தில் ஒரு பலாப்பழம்.

ஊராட்சிக் கட்டடத்தில் மையம். பதினாலு பேரும் நோட்டைத் திறந்துவைத்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். திரையின் இடதுபக்கம் முழுக்கப் பழைய நாளிதழை ஒட்டியிருந்தது. செவந்திக்கு நாற்பது வயதிருக்கும். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்துவைத்திருந்த ஆள் இல்லை, நல்ல உயரம்.

"எதுக்கும்மா திரையை மறைச்சிருக்கீங்க?"

"அங்கதானுங்க சார் இயக்குநரய்யா மொகம் வரும். அவரு தலையாட்டுனா கொரலு அந்துபோவுதுங்க. ஆடாம இருந்தாருன்னா பாடம் கேக்குது. அதான் மறைச்சுப் பாத்தோம்."

"மறைச்சா எப்படிம்மா நிக்கும்? வர்றது வந்துக்கிட்டுதானே இருக்கும்?"

"நிக்கலீங்க. ஆனா எங்களுக்கு எரிச்சல் கொஞ்சம் கொறைஞ்சுதுங்க."

வகுப்பு முடியும்வரை பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. ஆடாத படத்துக்குத் துண்டு குறைவு. முகம் ஆட ஆட, பூந்தொட்டி ஆட ஆட, எழுத்து ஓட ஓடத் துண்டுகள் பெருகி மெலிந்த லைனை அடைத்துக்கொள்கின்றன. அந்த நெரிசலில் நசுங்குவது பாடம். மூன்று வாரமாக என் கண்ணெதிரே இருந்த விஷயம். ஒரு கேள்வி பாதியில் நின்றபோது பதினாலு பேனாவும் அந்தரத்தில் நின்றன. யாரும் முணுமுணுக்கவில்லை. வராது என்று பழகியிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ஒரு டப்பா சத்துமாவு கொடுத்தார்கள். "குழந்தையை வறுக்காமத்தானுங்க செஞ்சது" என்றாள் செவந்தி.

ஏப்ரல் 5, சனி

மூன்று நாளாக ஒரே வேலை. ஒரே ஓட்டமாகப் போனதை மூன்று அடுக்காகப் பிரித்துவிட்டேன். முதல் அடுக்கு குரல். இரண்டாவது, கரும்பலகை. மூன்றாவது, முகமும் பூந்தொட்டியும் ஓடும் எழுத்தும். எந்த மையமும் தன் லைன் தாங்குகிற அடுக்கு வரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நெரிசல் என்று தெரிந்தால் மேல் அடுக்கைத் தானே விட்டுவிடும். நிலைமை சரியானதும் திரும்ப எடுத்துப் பார்க்கும். அதற்காகச் சர்வர் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. தேன்கரட்டுக்காக மற்றவர்களும் கஷ்டப்பட வேண்டாம். மற்றவர்களுக்காகத் தேன்கரடும் வாயை மூட வேண்டாம். காத்திருப்பையும் பழையபடி குலுக்கலுக்கே மாற்றிவிட்டேன். கூட்டத்தைக் கேட்கவில்லை.

இன்றைய சனிக்கிழமை வகுப்பில் சோதனை. பதினொன்று ஐந்துக்குப் போன். "சார்! வருதுங்க சார்! மொகம் இல்லீங்க, பாடம் முழுசா வருதுங்க!" பின்னால் யாரோ, "பேசாம இரு செவந்தி, டீச்சர் சொல்றது கேக்குல" என்று அவளை அதட்டினார்கள்.

கோபம்: எண்ண மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இனி வருவதைச் சரிசெய்தாயிற்று. போனது நாற்பத்தொன்றில் அப்படியே நிற்கிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் தவறு லைனிலும் ஆர்வத்திலும் இல்லை, என் அமைப்பில் என்று கூட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் 'புகார்கள் பூஜ்யம்' போச்சு. அதோடு நானும்.

தேன்கரட்டுக் கணினி தன்னிடம் எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கிறது. பணிமூப்பு இருந்த நாட்களில், அந்த எலி நாளைக் கழித்து, அனுப்பிய புகார் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ஒன்பதேகால் நொடிக்குப் பிறகு வந்தவை. இங்கே ஏறியது பூஜ்யம்.

ஒப்பிட்டுப் பார்க்க முதல் மையத்தின் பதிவும் வேண்டியிருந்தது. நேரில் போனேன். பூட்டு. சாவியைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம். உள்ளே நாற்காலிகள் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. போன வருட ஜூன் மாதக் காலண்டர். மூலையில் கணினி மட்டும் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு விடாமல் வாங்குகிறது. வருகை நூறு சதவீதம்.

ஏப்ரல் 9, புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம் மொத்தம் இருபத்து மூன்று என்று டயரியைப் பார்த்துச் சொன்னேன். "வேற?" என்றார் சாமியார். எலி விஷயம் சொன்னேன். "வேற?" என்றார். அவ்வளவுதான் என்றேன். பின்னால் வரிசை நீளம். ஆனாலும் அவர் சும்மா இருந்தார். எட்டு நொடி தாண்டியிருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட சொன்னது சரி. ஆனா அந்தப் பரீட்சைப் பட்டியல் என் கையில இல்லையே, தம்பி" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் குறிப்பு தட்டச்சு செய்தேன். ஒன்றரைப் பக்கம். ஸ்டெல்லா படித்துவிட்டு, "வேலை போனா?" என்றாள். "போகும்" என்றேன். "சரி" என்றவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

கூட்டத்தில் குறிப்பை வாசிக்க விடவில்லை. இயக்குநர் முதலில் கேட்டது, "என் முகம் மூணாவது அடுக்கா?" என்பதைத்தான். கோவர்த்தனன், "யாரைக் கேட்டு மறுபடியும் குலுக்கல் வச்சீங்க?" என்றார். நான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு நாள் காத்த பொறுமை. அப்போது இயக்குநர் பட்டியலைத் தட்டிக் காட்டி, "ஆர்வமே இல்லாத பதினாலு பேருக்காக எதுக்குய்யா இவ்வளவு பாடு?" என்றார்.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஆர்வமில்லன்னு யார் சார் சொன்னது? ஆறாயிரத்து இருநூத்துப் பன்னண்டு தடவை கேட்டிருக்காங்க! ஒவ்வொரு தடவையும் சீனியர் எல்லாம் முடிக்கட்டும்னு ஒன்பதேகால் நொடி காத்துக்கிட்டிருந்து கேட்டிருக்காங்க! எட்டாவது நொடியில நான் அழிச்சிட்டேன். நான்தான் அழிச்சேன். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே எனக்கு அந்தக் கணக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் பிஸ்கட் தின்னேன்! நூறு சதவீத மையத்தைப் பாக்கணுமா? வாங்க, பக்கத்துக் கட்டடம்தான். சாவி எங்கிட்ட இருக்கு. நாற்காலியெல்லாம் பாடம் கேட்டுக்கிட்டு இருக்கு!"

கோவர்த்தனன் பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். தேர்வுப் பிரிவு அம்மையார் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், "அந்தப் பதிவைக் குடுங்க" என்று கை நீட்டினார். பத்து நிமிடம் புரட்டினார். "வருகைக் குறைவு நிர்வாகத் தவறால். பதினாலு பேரையும் அனுமதிக்கலாம்" என்று அவரே எழுதினார். மையத்தை மூடும் பேச்சும் அத்தோடு போனது.

என் கோப்பை இயக்குநர் மூடிவைத்தார். "இதைப் பிறகு பாப்போம்" என்றார்.

கோபம்: ஒன்று. நீளமானது. இதற்கு வருத்தப்பட வேண்டுமாம். முயன்று பார்த்தேன், வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. அதே சூட்டில் ஓனரைக் கூப்பிட்டேன். "இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லலியே!" என்றார் பாவம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

செவந்தி போன். பதினாலு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டதாம்.  

"உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே சார்?"

"ஒப்பந்தக் கோப்பு கையெழுத்தாகாம கெடக்குதும்மா. முகத்தை மூணாவது அடுக்குல வச்சிட்டேன்னு அவருக்கு மனசு சரியில்ல. தேன்கரட்டுக்காரங்களுக்கு என் முகம் வேண்டாமாமேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

இதையெல்லாம் அவளிடம் ஏன் சொன்னேனோ. அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. 

"அப்புடீங்களா" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

இயக்குநர் அறைக்கு அழைப்பு. அவர் கையில் ஒரு கடிதம். தேன்கரட்டிலிருந்து, அவர் பெயருக்கே. பதினாலு கையெழுத்து.

'ஐயா, பாடம் இப்போது குறையில்லாமல் வருகிறது. எங்களுக்கு ஒரே ஒரு புகார். ஒரு வருடமாக உங்கள் குரலைக் கேட்கிறோம், முகத்தை முழுசாகப் பார்த்ததில்லை. மூக்கை ஒரு நாளும் மீசையை ஒரு நாளும் பார்த்திருக்கிறோம். பெரிய படம் ஒன்று அனுப்பினால் மையத்தில் மாட்டி, பரீட்சைக்குப் போகும்போது பார்த்துவிட்டுப் போவோம். ஆடாத படமாக இருக்கட்டும். இதெல்லாம் ஏற்பாடு செய்யத் தெரிந்தவர் சகாயராஜ் சார்தான். அவரையே அனுப்பிவைக்கவும். இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடமும் சரி.'

இயக்குநர் மூன்று புகைப்படங்களை மேஜையில் பரப்பி, "இதுல எது நல்லாருக்கு?" என்றார். சிரிக்காத படத்தைக் காட்டினேன். சிரிக்கிற படத்தை எடுத்துக்கொண்டார். "நாலடிக்கு மூணடி போடு. கண்ணாடிச் சட்டம். நீயே கொண்டுபோய் மாட்டிட்டு வா." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தில் 'பூஜ்யம்' என்பதை அடித்து, 'ஒன்று' என்று திருத்தியிருந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அல்லேலூயா, பிரியாணி, கறியோடு.

ஸ்டெல்லாவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "பாவம், மலை ஜனங்க. என்ன வெகுளி பாரு. அவர் முகத்தைப் பாக்கணும்னு உண்மையிலேயே ஆசைப்பட்டிருக்காங்க" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எதற்கென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்கிறாள். நோன்பு முடிந்துவிட்டதால் கோபப்பட்டேன்.

மதியம் செவந்தி வாழ்த்துச் சொல்லப் போன் செய்தாள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றேன். "அப்புடீங்களா" என்றாள், அன்று போலவே. நான் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நெசமாவே அவர் மொகத்தைப் பாக்க ஆசையா உங்களுக்கு?"

"அதையெல்லாம் எதுக்குங்க சார் கேட்டுக்கிட்டு. எங்க புகாரு இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு வந்து சேந்துதுங்களா?"

"சேந்துதும்மா" என்றேன்.